தொலைவு ஒன்று, காலம் பல

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் நகரத்தின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், அதற்கு விடை ஒன்றே ஒன்றுதான்: ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர். கோடையிலும் அதுதான், குளிர்காலத்திலும் அதுதான்; இங்கிருந்து அங்கே போனாலும், அங்கிருந்து இங்கே வந்தாலும் அதில் ஒரு மீட்டர் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் அந்தத் தூரத்தை விமானம் எத்தனை மணி நேரத்தில் கடக்கும் என்று கேட்டுவிட்டாலோ, எந்தத் திசையில், எந்த மாதத்தில், எந்த விமானத்தில், எந்தெந்த நாடுகளின் வானத்தைக் கடந்து என்று பல கேள்விகளைத் திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல எந்த நிபுணராலும் இயலாது. தூரம் தெரிந்தால் நேரமும் தெரிந்துவிடும் என்பது தரைமேல் நடப்பவனுடைய அனுபவம். ஆகாயப் பிரயாணத்தில் அது பொருந்துவதில்லை. அங்கே தூரம் பூமியின் வடிவத்தைப் பொறுத்தது. காலமோ காற்றையும், எரிபொருளையும், மனிதர் தமக்குள் வகுத்துக்கொண்ட எல்லைகளையும் பொறுத்தது. இந்த இரண்டையும் தனித்தனியே எடுத்து ஆராய்வோம்.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சிங்கப்பூர் வலப்புறத்திலும் நியூயார்க் இடப்புறத்திலும் இருக்கக் காண்கிறோம். ஆகவே, ஓர் அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தால், இந்து மகாசமுத்திரம், அரேபியா, ஆப்பிரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக் சமுத்திரம் என்ற வரிசையில் வழி அமையும் என்று தோன்றுகிறது. இந்தத் தோற்றம் பொய். உருண்டையான பூமியின் மேற்பரப்பைத் தட்டையான தாளில் விரிக்கும்போது ஏதாவது ஒன்று திரிந்தே தீரும். 1569-ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் வகுத்த பிரசித்தமான படத்தில், மாலுமிகளுக்கு வேண்டிய திசைகள் சரியாக அமைந்தன, தூரங்களோ துருவத்தை நெருங்க நெருங்க அளவுக்கு மீறி நீண்டுபோயின. ஆகவே படத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு பூகோள உருண்டையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறு முனையை நியூயார்க்கிலும் அழுத்திப் பிடித்து, தொய்வில்லாமல் இழுத்துப் பாருங்கள். நூல் மேற்கேயும் போகாது, கிழக்கேயும் போகாது. நேர் வடக்கே போகும். தாய்லாந்து வளைகுடாவைத் தாண்டி, லாவோஸைக் கடந்து, சீனத்தின் குன்மிங் நகரத்தை ஒட்டி ஏறி, மங்கோலியப் புல்வெளிகளையும் சைபீரியக் காடுகளையும் ஊடறுத்து, வடதுருவத்துக்குச் சுமார் 280 கிலோமீட்டர் அருகே உறைபனிக் கடலைக் கடந்து, பின்பு கானடாவின் பாஃபின் தீவு, கியூபெக் மாகாணம் ஆகியவற்றின் வழியாகத் தெற்கே இறங்கி நியூயார்க்கை வந்து அடையும். பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதிதான் இந்த நூல் காட்டும் வழி. உருண்டைமேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இதைவிடக் குறுகிய வழி இருக்க முடியாது என்பது கணிதம் நிரூபித்த உண்மை.

இந்த இரு நகரங்களை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. கென்னடி நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 73.8 பாகையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 177.8, ஏறக்குறைய அரைவட்டம்; அதாவது, இரண்டும் பூமியைச் சுற்றும் ஒரே தீர்க்கரேகை வட்டத்தின் எதிரெதிர்ப் பாதிகளில் இருப்பதாகவே கொள்ளலாம். ஆதலால், சாதாரணமாகக் கோளத் திரிகோண கணிதத்தின் துணையால் போட வேண்டிய கணக்கை, இங்கே வெறும் கூட்டலாலும் பெருக்கலாலும் போட்டுவிடலாம். சாங்கியின் அட்சரேகை வடக்கே 1.35 பாகை, அங்கிருந்து துருவம் 88.65 பாகை தூரம். கென்னடி நிலையத்தின் அட்சரேகை வடக்கே 40.64 பாகை; அங்கிருந்து துருவம் 49.36 பாகை தூரம். இரண்டையும் கூட்டினால் 138 பாகை. பூமியின் பரப்பில் ஒரு பாகை என்பது 111.2 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 15,346 வருகிறது. செயற்கைக்கோள்களையும் கணிப்பொறிகளையும் துணைகொண்டு நிபுணர்கள் சொல்லும் எண்ணுக்கும் இதற்கும் சில கிலோமீட்டர்களே வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குங்கூட, பூமி துருவங்களில் சற்றே அழுங்கியிருப்பது, அதாவது மையத்திலிருந்து துருவத்துக்குள்ள தூரம் மையத்திலிருந்து பூமத்திய ரேகைக்குள்ள தூரத்தைவிட 21 கிலோமீட்டர் குறைந்திருப்பது, முக்கியமான காரணமாகும்.

தூரம் கையில் கிடைத்துவிட்டது. இனி வேகத்தால் வகுத்தால் காலம் கிடைத்துவிடும் அல்லவா? அதையும் செய்து பார்ப்போம். இன்றைய நெடுந்தூர ஜெட் விமானங்கள் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் உயரத்தில், ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தோடு பறக்கின்றன. அந்த உயரத்தில் காற்றின் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 56 பாகை சென்டிகிரேட். அந்தக் குளிரில் ஒலியின் வேகமும் குறைந்து மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டராகிறது. ஆகவே விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். 15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம். எளிமையான இந்தக் கணக்கில் பிழை ஒன்றுமில்லை; ஆனால் காற்று அசையாமல் நின்றால்தான் அது பலிக்கும். காற்று ஒருநாளும் அசையாமல் நிற்பதில்லை.

விமானத்தின் வேகம் என்று நாம் சொல்வது தரையைக் குறித்த வேகம் அன்று. தன்னைச் சூழ்ந்துள்ள காற்றைக் குறித்த வேகம். அந்தக் காற்றே மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் போகும் திசையில் ஓடுமானால், தரையைக் குறித்து விமானம் 1,050 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிர்த்திசையில் ஓடுமானால் 750 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. பயணிகளுக்கு இதில் எந்த வேற்றுமையும் புலப்படாது. எஞ்சினின் ஒலியும் ஒன்றே, மணிக்குச் செலவாகும் எரிபொருளும் ஒன்றே. ஊர் போய்ச் சேரும் நேரம் மட்டும் வேறு. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் இத்தகைய பெருங்காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடுகிறது என்ற உண்மையை முறையாக அளந்து முதலில் எழுதிவைத்தவர்களுள் ஒருவர் ஜப்பானிய வானிலை விஞ்ஞானியான வாசபுரோ ஓயிஷி. டாடெனோ என்னும் இடத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை காற்றில் அடித்துச் செல்லப்படும் வேகத்தைத் தொலைநோக்கியால் அளந்து, தம் முடிவுகளை 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் அவர் வெளியிட்டார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு அவர் தேர்ந்த அந்தப் பொதுமொழியை உலகத்தில் படிப்பவர் சிலரே. ஆகவே, 1944-இன் இறுதியில் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் ஜப்பான்மேல் உயரப் பறந்து, எதிர்பாராத அந்தக் காற்றில் சிக்கி இலக்குத் தவறியபோதுதான், மற்ற நாட்டார் அதன் வலிமையை உணர்ந்தார்கள். ஜெட் நீரோட்டம் என்று இன்று வழங்கும் அந்தக் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு.

பூமி சுழல்வதால்தான் கிழக்கே போவதற்கும் மேற்கே போவதற்கும் நேர வித்தியாசம் ஏற்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விமானம் வானத்தில் நின்றால் போதும், பூமி தானே சுழன்று சேர வேண்டிய ஊரைக் கொண்டுவந்து கொடுக்கும் என்று வாதிப்பவர்களும் உண்டு. வாயுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானமும் புறப்படுவதற்கு முன்பே அந்தச் சுழற்சியைப் பெற்றிருக்கிறது. ஆகையால் அந்த வாதம் நிற்காது. எனினும், பூமியின் சுழற்சிக்கு இதில் ஒரு மறைமுகப் பங்கு உண்டு. பூமத்திய ரேகைப் பிரதேசத்தில் சூடேறி எழும் காற்று துருவத்தை நோக்கி நகரும்போது, சுழலும் பூமியின்மேல் அது நேராகச் செல்ல இயலாமல் கிழக்குப் பக்கமாக விலகுகிறது. வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் அட்சரேகைகளில் அந்த விலகல் திரண்டு ஜெட் நீரோட்டமாகிறது. ஆக, பூமி சுழல்வதால் காற்றின் பாதை அமைகிறது; காற்றின் பாதையால் பயண நேரம் அமைகிறது.

இந்தக் காற்றின் தாட்சண்யத்தைப் பெறுவதற்காக விமானங்கள் குறுக்கு வழியை விட்டுச் சுற்று வழியை மேற்கொள்வதும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் போகும் விமானம், துருவத்தை ஒட்டிய நேர்வழியில் போகாமல், ஜப்பானுக்கு அருகே ஜெட் நீரோட்டத்தில் புகுந்து, பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து, அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே செல்வது வழக்கம். இது நேர்வழியைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான சுற்று. ஆயினும் நேரம் மிச்சமாகிறது. 2018 அக்டோபர் 11-ஆம் தேதி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நெவார்க் நிலையத்துக்கு இடையில் நிற்காத சேவையை மீண்டும் தொடங்கியபோது, முதல் விமானம் இப்படிப் பசிபிக் வழியாகவே பறந்து, 18 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே போய்ச் சேர்ந்தது. எந்த விமான நிறுவனத்திலும், புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பாக, வழித்திட்டம் வகுப்பவர்கள் அன்றைய காற்றின் வரைபடத்தைப் பார்த்து, இன்று எந்த வழி என்று தீர்மானிக்கிறார்கள். நேற்றுப் போன பாதையில் இன்று போக வேண்டிய கட்டாயம் ஆகாயத்தில் இல்லை.

போகும்போது காற்று கொடுத்ததை வரும்போது காற்றே எடுத்துக்கொள்கிறது. ஆகவே போக்குவரத்தைச் சேர்த்துப் பார்த்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று எண்ணலாம். கணிதம் அதை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு நகரங்களுக்கு இடையே 9,000 கிலோமீட்டர் என்றும், விமானத்தின் வேகம் 900 என்றும், காற்றின் வேகம் 100 என்றும் வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் போக 10 மணி, வர 10 மணி, ஆக 20 மணி நேரம். காற்று உண்டென்றால், போக 9 மணி. வர 11 மணி 15 நிமிடம். ஆக 20 மணி 15 நிமிடம். அனுகூலமான காற்றில் விமானம் செலவிடும் நேரம் குறைவு, பிரதிகூலமான காற்றில் செலவிடும் நேரம் அதிகம். ஆகையால் நஷ்டம் எப்பொழுதும் லாபத்தை மிஞ்சியே நிற்கும். ஆனால் ஒருவழிப் பயணத்தில் கிடைக்கும் லாபம் சில சமயம் பிரமிக்கத்தக்கது: 2020 பிப்ரவரியில், புயற்காற்று உந்தித் தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையைக் குறித்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டிற்று. எனினும், தன்னைச் சூழ்ந்த காற்றைக் குறித்து அது ஒலியின் வேகத்தை எட்டவே இல்லை.

காற்றுக்கு அடுத்தபடியாகக் காலத்தை நிர்ணயிப்பது எரிபொருள். வழியில் சத்திரமோ சாவடியோ இல்லாத ஊருக்குக் கால்நடையாகப் புறப்படுபவன், பயணம் முழுமைக்கும் வேண்டிய கட்டுச்சோற்றைத் தானே சுமக்க வேண்டும். சுமை கூடக் கூடப் பசியும் கூடும், பசி கூடக் கூடச் சுமையும் கூடும். இடையில் இறங்காமல் பறக்கும் விமானத்தின் நிலையும் அதுவே. சிங்கப்பூர்-நியூயார்க் வழித்தடத்துக்கென்றே திருத்தி அமைக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதன் எடை சுமார் 130 டன். விமானம் தரையிலிருந்து எழும்போது இருக்கத்தக்க மொத்த எடையான 280 டன்னில் அது ஏறக்குறையப் பாதி. பயணிகளுக்கு உள்ள இருக்கைகளோ 161 மட்டுமே. அத்தனை பேரும் தங்கள் பெட்டிகளோடு ஏறினாலும், அவர்களுடைய எடை அந்த எரிபொருளின் எடையில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. முதற் சில மணி நேரங்களில் எரியும் எரிபொருளில் கணிசமான பகுதி, பின்னால் எரிக்கப்போகும் எரிபொருளைத் தூக்கிச் செல்லவே பயன்படுகிறது. பிரெஞ்சு விமானச் சிற்பி லூயி பிரெகேயின் பெயரால் வழங்கும் சூத்திரம் இதைத்தான் சொல்கிறது: எரிபொருளை இரட்டித்தால் பறக்கும் தூரம் இரட்டிப்பதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-லேயே நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானங்களைக் கொண்டு நெவார்க் சேவையைத் தொடங்கி, எரிபொருட் செலவு தாங்காமல் 2013-இல் அதை நிறுத்தியது. குறைவாக எரிக்கும் இரட்டை எஞ்சின் விமானம் வந்த பிறகே மீண்டும் தொடங்க முடிந்தது. ஐந்து ஆண்டுக் காலம் அந்தத் தூரம் அப்படியே இருந்தது. இடையில் நிற்காமல் கடக்கும் வழிதான் இல்லாமற்போயிற்று.

மூன்றாவது காரணம் மனிதனே. இரண்டு எஞ்சின் கொண்ட விமானம், ஓர் எஞ்சின் நின்றுவிட்டாலும் மற்றதன் துணையால் குறிப்பிட்ட நேரத்துக்குள் சென்று இறங்கத்தக்க நிலையம் ஒன்று எப்பொழுதும் அருகே இருக்குமாறு பறக்க வேண்டும் என்பது விதி. ஜனசஞ்சாரமற்ற சமுத்திரங்களின்மேலும் துருவப் பிரதேசத்தின்மேலும் இந்த விதி பாதையை வளைக்கிறது. அரசியல் அதைவிடக் கடுமையாக வளைக்கிறது. 2022-இல் உக்ரைன் யுத்தம் மூண்டு, ருஷ்ய வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சைபீரியா வழியாகச் சுமார் 9 மணி நேரத்தில் போய்வந்ததை விட்டு, வடதுருவத்தைச் சுற்றி ஏறக்குறைய 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. ஹெல்சிங்கியும் டோக்கியோவும் ஓர் அங்குலமும் நகரவில்லை.

இந்த உண்மையை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் ஒரு சரித்திரம் நம் அண்டை நாடான இலங்கையில் நிகழ்ந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஆகாய மார்க்கம் அறுபட்டது. அதை மீண்டும் இணைக்க, 1943-இன் நடுவிலிருந்து குவாண்டாஸ் நிறுவனம், காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே, நீரில் இறங்கும் கேட்டலினா விமானங்களை ஓட்டியது. தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் ஏழு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் அந்தத் தூரத்தை, மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகமே கொண்ட கேட்டலினா கடக்க 27 முதல் 33 மணி நேரம் வரை ஆயிற்று. எரிபொருளே சுமையாக நிறைந்துவிட்டதால், ஒரு பயணத்துக்கு மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்குமே இடம் இருந்தது. எதிரியின் காதில் விழாதிருக்க வானொலி மௌனமாக்கப்பட்டது. வழிகாட்டும் உத்தியோகஸ்தர் கருவியைக் கையில் ஏந்தி, அல்டேர், வேகா, ரைகல், அன்டாரஸ், ஸ்பைகா முதலிய நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து இருக்குமிடத்தைக் கணக்கிட்டார். விமானங்களுக்கும் அந்த நட்சத்திரங்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். ஒரே பிரயாணத்தில் இரண்டு முறை சூரியோதயத்தைக் கண்டதன் அடையாளமாகப் பயணிகளுக்கு ஒரு நற்சான்றுப் பத்திரமும் வழங்கப்பட்டது. 1945 வரை 271 முறை இந்தக் கடலைக் கடந்த அந்தச் சேவையில், எதிரியாலோ விபத்தாலோ ஒரு விமானமும் அழியவில்லை.

அதே மார்க்கத்தின் முழு நீளத்தையும் எடுத்துக்கொண்டால், காலம் சுருங்கிய வரலாறு இன்னும் விளக்கமாகும். 1919-இல் ராஸ் ஸ்மித்தும் அவர் சகோதரர் கீத் ஸ்மித்தும், இரண்டு இயந்திர வல்லுநர்களோடு, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை அடைய 28 நாட்கள் ஆயின. 1947 டிசம்பரில், குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிபோலி ஆகிய ஊர்களில் இறங்கி இறங்கி, நான்கு நாட்களில் லண்டனை அடைந்தது. 2018 மார்ச்சிலிருந்து, பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள 14,500 கிலோமீட்டரைப் போயிங் 787 விமானம் எங்கும் இறங்காமல் சுமார் 17 மணி நேரத்தில் கடக்கிறது. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். ஆகவே எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க இயலாது. தூரத்துக்கு இயற்கை வைத்த வரம்பு அது. அந்த வரம்பை எட்ட இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர்களே பாக்கி.

கடிகாரம் காட்டும் நேரத்தைப் பயண நேரமென்று மயங்கிவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். சிங்கப்பூரின் கடிகாரம் நியூயார்க்கின் கடிகாரத்தைவிடக் கோடையில் 12 மணியும், குளிர்காலத்தில் 13 மணியும் முந்தி ஓடுகிறது. நள்ளிரவுக்குச் சற்றுமுன் சிங்கப்பூரில் புறப்பட்டவர் மறுநாள் விடியற்காலையில் நியூயார்க்கில் இறங்கினால், இரவு ஒன்றே கழிந்ததாகத் தோன்றும். உண்மையில் கழிந்தவை 18 மணி நேரம். மேலும், கால அட்டவணையில் அச்சிடப்படும் நேரம், விமானம் நிலையத்தின் வாயிலை விட்டு நகர்ந்தது முதல் மறு நிலையத்தின் வாயிலில் நிற்பது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், முறை வரும் வரை காத்திருப்பதும் அதில் அடக்கம்.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு, வாசகர்கள் தாங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பெருவட்ட வழியில் 5,540 கிலோமீட்டர். தரையில் ஊரும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கிழக்கு நோக்கி வரும் விமானம் சுமார் ஆறரை மணி நேரமும், மேற்கு நோக்கிப் போகும் விமானம் சுமார் ஏழரை மணி நேரமும் வானத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பார்த்தால், ஒரு திசையில் சராசரி வேகம் மணிக்கு 852 கிலோமீட்டர். மறு திசையில் 739. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 113. அதில் பாதி, அதாவது மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர், அந்தச் சமுத்திரத்தின்மேல் பயணத்தைப் பாதித்த காற்றின் சராசரி வேகம். மேற்கே போகும் விமானிகள் ஜெட் நீரோட்டத்தை இயன்றவரை விலகியே செல்கிறார்கள் என்பதால், உண்மைக் காற்று இதைவிட வேகமாகவே ஓடுகிறது. ஓயிஷி பலூனையும் தொலைநோக்கியையும் கொண்டு அளந்த அதே காற்றை, ஒரு கால அட்டவணையையும் ஒரு பென்சிலையும் கொண்டு, வீட்டில் இருந்தபடியே நீங்களும் ஒருவாறு அளந்துவிடலாம். தூரம் இரு திசைகளிலும் ஒன்றாகவே இருப்பதால்தான் இந்தக் கணக்கு பலிக்கிறது.